வளைவுக்கு மேலே ஒரு கோடு

அந்தக் கொத்தனாருக்கு ஊர் வைத்த பெயர் முழங்கை. சமையலறை வேலைக்கு யார் கூப்பிட்டாலும் சரி, அளவுநாடாவை எடுப்பதற்கு முன் "இங்க யாரு சமைக்கிறது?" என்றுதான் கேட்பார். சமைக்கிறவரைச் சுவரோரம் நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு நாலு விரல் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். மேடை அந்தக் கோட்டில்தான் உட்காரும். ஒரு வீட்டில் கணவர் ஜம்பமாக முன்னால் வந்து கையை மடக்கினார். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று இவர் கேட்டார். மனிதர் விழித்த விழியில் மனைவியே வந்து நின்றுவிட்டாள். முப்பது வருடத்தில் ஒரு மேடைகூட உயரம் தப்பியதில்லை என்று கொத்தனார் மார்தட்டிக்கொள்வார். இப்போதெல்லாம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

காரணம், கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய ஒரு பழைய வீடு. அங்கே வீட்டுக்காரம்மாவுக்கு எல்லாம் புதிதாக வேண்டும், ஆனால் எதுவும் புதிதாகத் தெரியக் கூடாது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கொத்தனாருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. தரைக்கல் ஒவ்வொன்றிலும் எண் எழுதிப் பெயர்த்து, அடியில் குழாய் பதித்து, அதே இடத்தில் அதே கல்லைத் திரும்பப் பதித்தார். புகையேறிக் கறுத்த உத்திரங்களை எண்ணெய்த் துணியால் துடைத்ததோடு சரி, மின்கம்பிகளை அவற்றின் முதுகில் ஒளித்தார். சுவரின் மேடுபள்ளத்தில் கைவைக்கவே இல்லை.

இடையில் யாரோ கட்டியிருந்த சிமென்ட் மேடையை உடைத்தபோது, பின்னால் ஒரு செங்கல் வளைவு வெளிப்பட்டது. ஏதோ காலத்து விறகடுப்பின் வாய். வீட்டுக்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. புது மேடைக்கு அடியில் அது முழுசாகத் தெரிந்தே ஆகவேண்டும் என்றாள். கொத்தனாரும் அன்று வேலை முடிந்த பிறகு அரைமணி நேரம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு செங்கல்கூட விலகாத வளைவு.

அந்த வீட்டில் இருபத்திரண்டு வருடமாகச் சமைத்தவள் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள், குள்ளமான உருவம். வீட்டில் அவளைக் கேட்டுச் செய்கிற காரியம் என்று ஒன்று இருந்தால் அது சமையல்தான். கொத்தனாரின் வழக்கம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அளவெடுத்த அன்று யாரும் கூப்பிடாமலே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுவரோரம் முழங்கையை மடக்கி நின்றாள். ஐம்பதைத் தாண்டியவள் முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

"நீங்க எதுக்குக்கா? இனிமே நான்தான் சமைக்கப் போறேன். நீங்க உக்காந்து சாப்பிடுங்க" என்று சிரித்தபடி நெட்டையான வீட்டுக்காரம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

அவள் பொல்லாதவள் இல்லை. புதுச் சமையலறை வரப்போகிறது என்றால் யாருக்கும் அப்படி ஒரு வேகம் வரும். அது எத்தனை நாள் தாங்கும் என்பது எத்தனையோ வீடு பார்த்த கொத்தனாருக்குத் தெரியும். அக்காவின் கை மெல்ல இறங்கியது. அவள் கொத்தனாரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அக்காவின் உயரத்துக்குக் கோடு இழுத்தால் வளைவின் உச்சியை வெட்டியாக வேண்டும். நெட்டையம்மாவின் உயரம் என்றால் வளைவு பிழைத்துவிடும். அவர் மேலே இழுத்தார்.

வேலை கொடுக்கிறவர் சொல்லைத் தட்ட முடியுமா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சப்பைக்கட்டுக் கட்டிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. வளைவின்மேல் ஆசைப்பட்டதில் அவருக்கும் பங்கு உண்டு, சொல்லப்போனால் பெரிய பங்கு. அப்புறம் அந்தச் சமையலறையைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், படம் பிடித்தார்கள், இவரைத் தேடிவந்து பாராட்டினார்கள். பாராட்டப் பாராட்ட அவருக்கு எங்கேயாவது எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

நாலாம் மாதம், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகுகிறது என்று ஆள் வந்தது. போனார். வீட்டுக்காரம்மா வேலைக்குப் போயிருந்தாள். அவள் சமையல் ஒன்பது நாளோடு ஓய்ந்துவிட்டதாம். அக்கா ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் நின்று கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து தொட்டிக்குப் போக இறங்கி, பெட்டியைக் காலால் தள்ளி, மேடையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினாள். பாத்திர விளிம்பு பட்டுப்பட்டு முன்கையில் வரிவரியாகச் சூட்டுத் தழும்பு. கொத்தனாருக்குக் குழாயே கண்ணுக்குத் தெரியவில்லை. தன் கையாலேயே அந்தச் சூட்டை இழுத்துவிட்டது போலிருந்தது. அவள் கொடுத்த டீ ஆறிப்போயிற்று.

ஒழுகலை அடைத்து எழுந்ததும், துணிந்து வாயைத் திறந்தார்.

"அக்கா, தப்பு நடந்துபோச்சு. அன்னைக்கு நான் கவனிக்கல. ரெண்டு நாள் வேலைதான், மேடைய இறக்கிக் குடுத்துடறேன். அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன்."

அக்கா அடுப்பைத் தணித்தாள். வளைவை ஒரு தரம் குனிந்து பார்த்தாள்.

"வேண்டாம். இப்ப இத உடைச்சா, எனக்காக உடைச்சதுன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பா. அதுக்கு இந்தப் பெட்டி தேவலாம்."

கொத்தனார் சாமான் பையைக் கட்டினார். பழைய பலகை மிச்சம் இருக்கிறது, மேடை நீளத்துக்கும் அகலமாக ஒரு படி அடித்துத் தரச் சொல்கிறேன், தள்ளிக்கொண்டு திரிய வேண்டாம் என்றார். அதற்கு அவள் சரி என்று தலையாட்டினாள். பிறகு, உப்பு கொஞ்சம் குறைச்சல் என்று சொல்வது போன்ற சாதாரணக் குரலில் சொன்னாள்:

"ஆனா கவனிக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க. என் மொகத்தப் பாத்துட்டுத்தான் கோடு போட்டீங்க."

"ஆமாக்கா" என்றார் கொத்தனார்.