முதல் இலை

எங்கள் வீட்டில் பொங்கலன்று முதல் இலை பக்கத்து ஊரான ஊரிகத்திலிருந்து வரும் ஒருவருக்குத்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கத்துக்குள் பாறை சரிந்து அவர் அதில் மாட்டிக்கொண்டார். கல்லைக் கையாலேயே விலக்கி அவரை இழுத்து வந்தவர் அந்த மனிதர். நான் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவேன்.

ஒவ்வொரு வருஷமும் அவர் இலை முன்னால் உட்கார்ந்ததும் அப்பா அந்தக் கதையை ஆரம்பிப்பார். "இவன் இல்லன்னா இந்த வீட்டுல அடுப்பு எரியுமா?" என்று முடிப்பார். என்னைக் காலில் விழச் சொல்வார். சித்தப்பா இலையைப் பார்த்தபடியே மொச்சைக்கொட்டைக் குழம்பைப் பிசைந்து அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டோம்.

போன வருஷம் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் வேலையில் எனக்கு விடுமுறை நாள், வேட்டியும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு அவரை அழைக்கப் போனேன். நான் நீட்டிய தட்டை வாங்காமலே சொன்னார்.

"இந்த வருஷம் நான் வர்லம்மா. இனிமே எப்பவும் வர்ல."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அம்மா ஏதாவது சொல்லிவிட்டாளா என்று கேட்டேன்.

"சேச்சே. அண்ணி மேல இன்னா தப்பு?" தட்டை என் பக்கமே நகர்த்திவிட்டுச் சொன்னார். "அன்னிக்கு கல்லுக்கு அந்தாண்ட ரெண்டு பேரு இருந்தாங்க. ஒங்கப்பாவுக்கு நெனவு இல்ல. இன்னொருத்தன் பேசினான். 'எனக்கு கால் மாட்டினுக்குது, நேரம் ஆவும், அவரை மொதல்ல இழு'ன்னான். ஒங்கப்பாவ வெளிய விட்டுட்டு திரும்பறதுக்குள்ள மறுபடி சரிஞ்சிடுச்சு. ஒங்கப்பா என்னைப் புகழ்றப்பல்லாம் எனக்கு அவன் குரல்தான் கேக்குது. வடை தொண்டையில எறங்க மாட்டேங்குது."

அந்த இன்னொருவர் பாறை விழுந்தவுடனேயே இறந்துவிட்டார் என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா எழுந்துபோய் வாசலில் நின்றார். மூன்றாம் நாள் காபி குடிக்கும்போது என்னிடம் கேட்டார்: "இத்தினி வருஷம் நான் அவனுக்கு சோறு போட்டனா, இல்ல என் மனசுக்குப் போட்டுக்கினனா?"

நன்றி என்பது சொல்கிறவருக்கு இனிக்கும், கேட்கிறவருக்கும் இனிக்கும் என்றே நம்பி வளர்ந்திருந்தேன். கேட்டே ஆகவேண்டும் என்று ஒருவரை வருஷா வருஷம் மணையில் உட்கார வைப்பது என்ன மரியாதை?

பொங்கலன்று பானை பொங்கி, படையல் முடிந்ததும், "ஆட்டோ கூப்பிடு" என்றார் அப்பா. அம்மா தூக்கில் சர்க்கரைப் பொங்கல் போட வந்தாள். "ஒண்ணும் வாணாம்" என்று தடுத்துவிட்டார். ஊரிகத்தில் சித்தப்பா வீட்டு வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"பசிக்குதுபா. சோறு இருக்குதா?"

சித்தப்பா திகைத்துப் போனார். சித்தி அவசரமாகப் பாயை விரித்தாள். விசேஷமாக எதுவும் செய்திருக்கவில்லை. சோறு, ரசம், பொரித்த அப்பளம். அப்பா இரண்டு தடவை ரசம் ஊற்றிக்கொண்டார். "உப்பு கம்மிம்மா" என்றதும் சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அத்தனை வருஷம் தலை குனிந்து சாப்பிட்ட மனிதர், "எங்க வூட்டுக்கு வந்து குறை சொல்றியாண்ணா?" என்று அப்பாவை முறைத்தார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

கை கழுவின பிறகுதான் அப்பா கேட்டார். "அன்னிக்குப் போனவனுக்கு யாரு இருக்காங்க?"

"தங்கச்சி. ராபர்ட்சன்பேட்டைல துணி தைக்குது. அந்தத் தெரு வழியா நான் போறதே இல்லண்ணா."

"போலாமா?"

சித்தப்பா அன்றைக்கு மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். சம்மதிக்க அவருக்கு ஒரு வருஷம் ஆனது. இந்த வருஷம் காணும் பொங்கலன்று அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேருமாக அந்தத் தங்கை வீட்டுக்குப் போனோம். சித்தப்பா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மா தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு கேட்டார்கள். அழுதார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"எங்கண்ணன பத்திப் பேச இத்தினி வருஷம் ஒருத்தர் வர்ல. அது பேசின கடைசிப் பேச்ச இப்பத்தான் கேக்கறேன்" என்றார்கள். சித்தப்பா எழப் போனார். "எழுந்திரிக்காதீங்க. இன்னும் சொல்லுங்க."

சாயங்காலம் வரை பேசினார்கள். அந்த அண்ணன் கேரமில் காயைத் திருடுவது, ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் கூண்டு சுரங்கத்துக்குள் இறங்கும்போது விசில் அடிப்பது, யாரோ கொடுத்த பெரிய சைஸ் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு வந்து மேஸ்திரியிடம் மாட்டியது. அப்பாவுக்கும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு தடவைகூட அவர் வாயில் நன்றி என்ற சொல் வரவில்லை.

கிளம்பும்போது, அடுத்த பொங்கல் யார் வீட்டில் என்று ஒரு சின்னச் சண்டை நடந்தது. அந்த அம்மாதான் ஜெயித்தார்கள்.