கப்டனுக்கு ஒரு திவசம்

வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து ஹரோவில் நாங்கள் வீடு வாங்கியபோது பரணில் ஒரு வெள்ளைக்காரரும் சேர்ந்து வந்தார். சட்டம் போட்ட படம். விக்டோரியா மகாராணி காலத்துக் கடற்படை அதிகாரி. காது வரை தாடி, ஒருவரையும் மதிக்காத பார்வை. குப்பையில் போடச் சொன்னேன். என் கணவரோ துடைத்து, பின்பக்கத்தில் எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டு, வரவேற்பறையில் மாட்டினார்.

அன்று பிடித்தது பைத்தியம். ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் மனிதர் நூலகத்தில்தான். கட்டின பெண்சாதியின் பிறந்தநாளை மறப்பவர், அந்தாள் மீசை முளைக்காத வயதில் கப்பலேறியதையும், ஆப்பிரிக்கக் கரையில் அடிமைக் கப்பல்களைத் துரத்தித் தொடையில் குண்டு வாங்கியதையும், பதவி உயர்வு கேட்டுக் கேட்டே களைத்ததையும் சாப்பாட்டு மேசையில் ஒப்பிப்பார். தலை நரைத்த பிறகுதான் கப்டன் ஆனாராம். ஆன கையோடு, திருகோணமலைக்குப் போகும் வழியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாராம். உடலைக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள்.

எங்கள் மருமகன் வெள்ளைக்காரர். அவருடைய பாட்டனாக்கும் என்று நினைத்து, வீட்டுக்கு வந்த என் சித்தி படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். என் கணவர் அதை அழிக்கவில்லை. நூலகத்தில் கண்டுபிடித்த இறந்த நாளுக்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டித் திதி பார்த்துவிட்டு, "கப்டனுக்குத் திவசம் செய்வம்" என்றார்.

"இஞ்சாருங்கோ, மாட்டிறைச்சி திண்டு ரம் குடிச்ச மனுசனுக்கு நான் கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கிறதோ?"

"வையும். கப்பலிலை புழுத்த பிஸ்கட் திண்டவருக்கு உம்மடை கறி அமிர்தம்."

என் வாய் சும்மா இருக்குமா? "சொந்தத் தகப்பனுக்கு ஒரு ஆடி அமாவாசை விரதம் பிடிக்கேல்லை, இந்த வெள்ளைக்காரனுக்கு..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மாமா, இவருடைய தகப்பன், ஊரில் சண்டைக் காலத்தில் இந்தியாவுக்குப் படகேறியவர். போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை, இறந்த நாளும் தெரியாது. மாமி கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. "அவர் வருவார்" என்றபடியே கண்ணை மூடினார். விரதம் பிடித்தால் தகப்பன் செத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று இவரும் இத்தனை காலம் தட்டிக் கழித்தார்.

இவர் கோபிக்கவில்லை. திவசத்தன்று முழுகி, வேட்டி கட்டிக்கொண்டு குசினிக்கு, அடுப்பருகே வந்தார்.

"இன்னொரு வாழையிலை இருக்கோ?"

"ஆருக்கு?"

"அப்பாக்கு. அவரும் கடலிலைதானே கிடக்கிறார். நாள் தெரிஞ்ச ஆளோடை இருந்து சாப்பிடட்டும்."

இன்னொரு இலையைக் கழுவி விரித்தேன். மாமாவின் இலையில் பால்கறியைக் கூடுதலாகவே வைத்தேன். கப்டன் முறைத்தார். முறைக்கட்டும்.