சிவப்புத் துணி கட்டிய மூட்டை

காலை ஆறரை மணிக்கு ஆலங்காயத்தில் பஸ் ஏறினேன். போக வேண்டியது ஆம்பூர்; முதலில் வாணியம்பாடிக்கு டிக்கெட் இருபது ரூபாய். இரண்டு மூட்டை வேர்க்கடலைத் தோலுக்கு லக்கேஜ் நாற்பது. கையில் ஒரு லிட்டர் பாட்டிலில் வீட்டுத் தண்ணீர். மாட்டுத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு தண்ணீரில் கலந்திருக்கும் என்று ஆம்பூரில் நான் டீகூடக் குடிப்பதில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன். எதைப் பார்த்தாலும் முதலில் பயம்தான் வரும்.

வீட்டில் அந்தப் பயம் கிடையாது. போன மாதம் எங்கள் ஊரில் கடலைத் தோல் ஏற்ற வந்த லாரிக்காரர், "தண்ணிய சுத்தம் பண்ற கரி, ஆம்பூர் கம்பெனில உங்க ஊர் கடலைத் தோல்ல செஞ்சதுதான்" என்று ஒரு மூட்டை கறுப்புத் தூளைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். டிரம்மில் மணலுக்கு நடுவே அதைக் கொட்டி, போர் தண்ணீரை வடித்துக் குடிக்கிறோம். அந்தக் கரியை எப்படிச் செய்கிறார்கள், எங்கள் தோலை நேராகவே வாங்குவார்களா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் பதினேழு கிலோமீட்டர். பஸ் மாறி, ஒன்பது மணிக்கு ஆம்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"இன்னாண்ணே, மாட்டுக்கா?" என்றார் ஆட்டோக்காரர், மூட்டைகளைப் பார்த்து.

"கரி செய்ய."

"இத கொளுத்துனா சாம்பல்தான் வரும். கரி எங்கேர்ந்து வரும்?"

கரி செய்யும் கம்பெனியில் நசீர் பாய் என்கிற சூப்பர்வைசர் சுற்றிக் காட்டினார். காற்றுப் புகாத இரும்பு உலையில் கடலைத் தோல் கரியாகிறது. பிறகு கடும் சூட்டில் நீராவியைச் செலுத்துகிறார்கள். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுகின்றன. ஒரு கிளாஸில் மாட்டுத் தோலுக்குப் போடும் சாயத் தண்ணீர், கஷாயம் போல. கரித்தூளைப் போட்டுக் கலக்கி வடிகட்டினார். மழைத் தண்ணீர் மாதிரி இறங்கியது.

"சாயம் எங்க போச்சு பாய்?"

"எங்கயும் போல. கரி குடிச்சிடுச்சு. வயிறு ரொம்பிட்டா அப்புறம் அது விஷ மூட்டைதான்." மூலையைக் காட்டினார். "அந்த சிவப்புத் துணி கட்னதெல்லாம் தோல் பதனிடுற ஷாப்லேர்ந்து அழுக்கக் குடிச்சிட்டுத் திரும்பி வந்தது. புதுசுன்னா வெள்ளை நூல் தையல் இருக்கும்."

எங்கள் வீட்டு மூட்டையில் இருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து, துவைத்து, கொடியில் காயப்போட்டவனே நான்தான்.

நான் அதைச் சொன்னதும் நசீர் பாயின் முகம் மாறியது. "மொதல்ல வீட்டுக்குப் போன் போடு நைனா. ஒரு சொட்டு யாரும் குடிக்கக் கூடாது. கரிய நெலத்துலயும் கொட்டாத, கட்டி இங்க எடுத்துட்டு வா. எல்லாரும் டாக்டர பாருங்க."

மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. நான்காவது முறை மனைவி செல்வி எடுத்தாள்.

"அந்தத் தண்ணியா? வாடையே புடிக்கல. நானும் பசங்களும் தெருக் குழாய்லதான் புடிச்சிக் குடிக்கிறோம். சொன்னா பேஜாராவீங்கன்னு சொல்லல. நீங்க மட்டுந்தான் சொம்பு சொம்பா குடிச்சீங்க."

பிள்ளைகள் குடிக்கவில்லை. அது போதும் என்று, கொண்டுவந்த இரண்டு மூட்டைகளையும் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பகல் ஒரு மணிக்குத் திரும்பும் பஸ். மடியில் அந்த டிரம் தண்ணீர் பாட்டில், பாதி காலி. பக்கத்து சீட்டு அம்மா தாகம் என்று கை நீட்டினார். மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"ஒரு வாய் தண்ணிக்குக்கூடவா கணக்கு?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆம்பூர்த் தண்ணீருக்குப் பயந்து வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோனவன் நான். ஆலங்காயம் வரும்வரை பாட்டிலின் மூடியை இறுக்கிப் பிடித்தபடியே வந்தேன்.