அட்டவணைக்கு முன்பே பூத்த கொன்றை

பூத்திருக்கும் மரத்தின் கிளையைக் கழிக்கக் கூடாது; எந்த மரம் எந்த மாதத்தில் பூக்கும் என்பதற்கு இணைப்பிலுள்ள அட்டவணையே ஆதாரம். மாநகராட்சிப் பூங்காப் பிரிவின் விதி இது. உட்பிரிவு எண்ணையும் சொல்வேன், நீங்கள் கேட்கமாட்டீர்கள். முப்பது வருடம் அந்த அலுவலகத்தில் விதிகளைப் பிறருக்கு நினைவூட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு அதையே வீட்டில் செய்கிறேன், யாரும் மதிப்பதில்லை.

இன்று காலை பால் வாங்கப் போனபோது, மயிலாப்பூரில் எங்கள் தெருமுனைக் கொன்றை மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பொங்கல் கரும்புத் தோகைகூட இன்னும் குப்பைத் தொட்டியில்தான் கிடக்கிறது. கீழே நின்ற காரின் கண்ணாடி முழுக்க இதழ்கள். நான் படித்த காலத்தில் கொன்றை பூத்தால் முழுப் பரீட்சை முடிந்துவிட்டது என்று அர்த்தம். மைக்கறை விரலோடு அந்த மஞ்சளை மிதித்துக்கொண்டு வீடு திரும்புவோம். தை என்றால் காதைச் சுற்றி மப்ளர். சென்னைக் குளிருக்கு அது அதிகப்படிதான், ஆனாலும் குளிர் என்று ஒன்று இருந்தது.

கொன்றைக்குப் பெரிய வாசனை கிடையாது. எனக்கு மட்டும் அது அலுவலகப் பசையின் நாற்றத்தோடு வரும். காரணம் ஏழுமலை, அடையாற்றில் எங்கள் பூங்கா ஒன்றின் தோட்டக்காரர். ஒரு தை மாதம், மின்கம்பியில் உரசும் கொன்றைக் கிளைகளைக் கழிக்கும்படி அவருக்கு உத்தரவு போனது. அவர் அரிவாளைத் தொடவில்லை. நேரே என் மேசைக்கு வந்தார்.

“மரம் பூத்துக்கீது சார். எப்டி சார் வெட்றது?”

“அட்டவணையில சித்திரைன்னு இருக்கேய்யா.”

“அத மரத்துக்கு யார் சார் படிச்சுக் காட்னது?”

பக்கத்து மேசைகள் சிரித்தன. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. மறுநாள் அவர் ஒரு கொத்துப் பூவைச் செய்தித்தாளில் சுற்றிச் சாட்சியாகக் கொண்டுவந்தார். பார்த்தேன். பார்த்துவிட்டு, தபால் பதிவேட்டில் பூவை ஏற்றிக்கொள்ள இடமில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். பிறகு குறிப்பு எழுதினேன்: பூக்காத காலத்தில் மரம் பூத்திருப்பதாகப் பணியாளர் பொய்த் தகவல் அளித்துள்ளார். மேலே கையெழுத்தாயிற்று. கண்டன உத்தரவு அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறியது. பசை தடவி ஒட்டியவன் நான்.

கிளைகளை வேறு ஆட்கள் கழித்தார்கள். அடுத்த தையிலும் மரம் பூத்தது; அதற்கடுத்த தையிலும். மழை தன் மாதத்தை விட்டு எங்கெங்கோ பெய்தது, மார்கழியிலேயே மின்விசிறி ஓடியது. அட்டவணை எழுதியவர் நேர்மையாகத்தான் எழுதியிருப்பார். அவர் பார்த்த வெயில் வேறு. எனக்கு இதெல்லாம் புரிந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில் ஏழுமலை என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆற்றோர வீட்டை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டாவது மாடியில் வைத்திருக்கிறார்களாம். கோபம் எதுவும் இல்லை, அதுதான் சங்கடம்.

“பென்சன் வேலையா போனப்ப என் பொண்ணு அந்தப் பதிவேட்டப் படிச்சுட்டா சார். ‘இன்னா நைனா, ஆபீஸ்ல பொய் சொன்னியா’ன்னு கேக்கறா. பூத்துக்கீதுன்னுதான சார் சொன்னேன்? அந்த ஒரு வரிய அடிச்சுக் குடு சார், போதும்.”

பழைய அலுவலகத்துக்கே எழுதினேன். குறிப்பு என்னுடையது, அது தவறு, மரத்தைத் தை மாதத்தில் நேரில் சென்று பார்க்கவும் என்று மனு. ஒப்புகை அட்டை, நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, எல்லாம் முறைப்படி.

இன்று பகலில் பதில் வந்தது. அட்டவணையில் கண்டபடி, சென்ற சித்திரையில் மரம் ஆய்வு செய்யப்பட்டது. பூ எதுவும் காணப்படவில்லை. ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது, கண்டனம் நிலைக்கிறது. பூத்த மரத்தைக் கழிக்கக் கூடாது என்ற விதி பூக்காத மரத்துக்குப் பொருந்தாது என்பதால் மேற்படி மரம் அகற்றப்பட்டது. நடை குற்றமற்றது. நானே எழுதியிருந்தாலும் ஒரு சொல் மாறியிருக்காது.

மகளுக்குக் காட்ட ஏழுமலைக்கு இனி அந்த மரமும் இல்லை. அவர் எண்ணை இருமுறை எடுத்துவிட்டுப் போனைக் கீழே வைத்தேன். பிறகு, பழக்க தோஷம், உறையின் மூலையில் கடிதம் பெற்ற தேதியைக் குறித்தேன்: தை ஏழு.