அப்டேட் கை வைத்த கம்பைலர்

அவனுக்கு வீட்டிலும் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையிலும் ஒரே பெயர்தான்: அப்டேட். பழைய பதிப்பு எதையாவது கண்டால் போதும், ஐயாவுக்குக் கை சும்மா இருக்காது. ஒருமுறை சித்தியின் போனை வாங்கி, கேட்காமலே எல்லாவற்றையும் புதுப்பித்துக் கொடுத்தான். அதற்கப்புறம் தன் போட்டோக்கள் எங்கே போயின என்றே சித்திக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் அவன் வாசலில் செருப்பைக் கழற்றினால், சித்தி முதலில் போனை எடுத்து ஒளித்துவைப்பாள்.

அவன் அக்கா வீட்டு மாடியறையில் இருந்தான். கீழே ஹாலில் இருவருக்கும் பொதுவாக ஒரு டெஸ்க்டாப். அக்கா ஒரு காலத்தில் ப்ரோக்ராம் எழுதும் வேலையில் இருந்தவள். குழந்தை பிறந்ததும் விட்டாள். அது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மறுபடி ஆசை வந்தது. ஒரு கம்பெனி, ப்ரோக்ராம் ஒன்றை எழுதி எங்கள் முன்னால் ஓட்டிக் காட்டுங்கள் என்றது. எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அந்தக் கம்பெனியில் அதன் பழைய பதிப்புதான். அக்காவும் அதையே போட்டுக்கொண்டு, அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வந்து வந்து எழுதினாள்.

காட்ட வேண்டிய அன்று காலையில் அப்டேட் தான் எழுதிய விளையாட்டு ஒன்றைச் சோதிக்க உட்கார்ந்தான். அதற்குப் புதிய கம்பைலர் வேண்டும். இறக்கினான். இரண்டும் அதனதன் இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டானா? எப்போதும் புதியதையே எடு என்று ஒரே வரியில் மெஷினுக்குச் சொல்லிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி.

மதியம் வீடியோவில் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா ஓட்டினாள். திரை முழுக்கப் பிழைகள். பழையது கண்டும் காணாமல் விட்டதையெல்லாம் புதியது பிடித்துவைத்துக்கொண்டு தகராறு செய்தது.

"நேத்து வரைக்கும் ஓடுச்சுடா. இன்னிக்கு அவங்க முன்னாடி மானம் போச்சு. என்னன்னு பாரேன்," என்றாள், அவன் வீடு திரும்பியதும்.

முதல் பிழையைப் படித்ததுமே, காலையில் தான் செய்த வேலைதான் இது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அக்கா டீ போட உள்ளே போன நேரத்தில் பழைய கம்பைலரையே எடுக்கும்படி திரும்ப மாற்றி வைத்தான். ஓடியது.

"என்னடா பண்ணே?"

"ஒண்ணுமில்லக்கா, சின்ன விஷயம். சரி பண்ணிட்டேன்."

"நீ தொட்டா ஓடுது, நான் தொட்டா நிக்குது. எனக்கு மூளை மழுங்கிப் போச்சுடா."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினான். அக்காவோ, உதவி செய்த தம்பியாயிற்றே என்று அவன் தட்டில் ஒரு கரண்டி கூடவே வைத்தாள். அவன் அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மெஷினைத் துடைத்து, பழைய துண்டைப் போட்டு மூடினாள்.

"இத மாடிக்கே கொண்டு போயிடுடா. எனக்கு எதுக்கு?"

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அக்கா, அன்னிக்கு கம்பைலர மாத்தினது நான்தான். உன் மேல தப்பே இல்ல. பயந்துபோய் மறைச்சுட்டேன்," என்று கொட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஓர் அறை விழும் என்று எதிர்பார்த்தான்; விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்போ நான் எழுதினது சரியாடா?" என்றாள் அக்கா.

"சரிதான்க்கா. ஒரு எழுத்துகூட நான் மாத்தல."

துண்டை உருவிப் போட்டுவிட்டு உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. மறுபடி ஓட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். அவனால் அவளைப் பார்க்கவே முடியவில்லை.

"நான் அவங்களுக்கு ஃபோன் பண்றேன்க்கா. எல்லாம் என் தப்புன்னு சொல்லிடறேன்."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து வேற ஆள் எடுத்துட்டாங்கடா. முந்தாநாள்கூடக் கூப்பிட்டாங்க, இன்னொரு தடவ காட்டுறீங்களான்னு. எனக்கு இதெல்லாம் வராதுன்னு நான்தான் சொல்லிட்டேன்."