பெயர் போடாத ஆட்டக்காரர்கள்

போன கிழமை தோர்ண்டன் ஹீத்தில் பல் வைத்தியரிடம் காத்திருந்தேன். கிராம்பு எண்ணெய் வாசம். சுவர்த் தொலைக்காட்சியில் பழைய ஹாலிவுட் பாட்டுப் படமொன்று சத்தமில்லாமல் ஓடியது. இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்கள் காலால் தாளம் தட்டி ஆடினார்கள். நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். பல் பிடுங்கப் பயப்படுகிறேன் என்று நினைத்த நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அவளிடம் அண்ணையைப் பற்றி எப்படிச் சொல்வது?

லண்டனுக்கு வந்த புதிதில் லூயிஷாமில் ஒரு சின்னத் தியேட்டரில் டிக்கெட் கிழித்தேன். புதன்கிழமை மத்தியானங்களில் முதியவர்களுக்காகப் பழைய பாட்டுப் படங்கள் போடுவார்கள். டிக்கெட்டோடு தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. அண்ணை அங்கே கூட்டித் துடைக்கிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புகலிடம் கேட்டுப் போட்ட அசைலம் கேஸ் முடியாததால் வேலை செய்ய அனுமதி இல்லை. யாரோ ஒருவருடைய பெயரிலும் நம்பரிலும்தான் வேலை செய்தார். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் இருந்த பெயரும் அந்த ஆளுடையதே. எனக்கு அவர் அண்ணை, அவருக்கு நான் தம்பி. அதுவே போதுமாயிருந்தது.

கடைசி வரிசைக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்று படம் பார்ப்பார். என் கவனம் பெரும்பாலும் பிஸ்கட்டில்தான். ஒருநாள் தோளைத் தொட்டார்.

"தம்பி, வடிவாப் பாரும். இவங்கள் ஆடேக்கை கதாநாயகன் கிட்ட நிக்கிறானோ?"

"இல்லை அண்ணை."

"ஒருத்தரும் இவங்களோட கதைக்கவும் இல்லை. ஆடி முடிஞ்சால் ஆக்களைக் காணேல்லை."

படம் ஓட்டும் கிழவரிடம் கேட்டேன். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெள்ளைக்காரருக்குக் கறுப்பர்களைத் திரையில் பார்க்கப் பிடிக்காதாம். அங்கே அந்தத் துண்டை வெட்டிவிட்டு ஓட்டுவார்களாம். வெட்டினாலும் கதை பிசகாதபடி முதலிலேயே தனியாக எடுத்துவைப்பார்களாம். பிஸ்கட் நமுத்துப்போனதைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"கதையிலை எங்கட நிறத்து ஆள் வேணுமெண்டால் அந்தத் துண்டும் எங்களுக்கு இல்லை. வெள்ளைக்காரனுக்கு மை பூசி விடுவாங்கள்," என்று அண்ணை சிரித்தார். அதன்பிறகு படம் தொடங்கும்போதே வந்து நின்று பெயர்களை வாசிப்பார். அந்த ஆட்டக்காரர்களின் பெயர் பல படங்களில் இருக்காது. "போடேல்லை," என்பார். அதை அவர் சொல்லும் விதம் எனக்குப் பயமாயிருக்கும்.

இரண்டு கிழமைக்கொருமுறை அவர் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். போகிறவர்களில் சிலரை அங்கேயே பிடித்துத் தடுப்பு முகாமில் போடுவார்கள். ஒரு புதன்கிழமை காலை, "சைன் வைக்கப் போறன் தம்பி. படத்துக்கு முதல் வந்திடுவன்," என்றார். வாசல்வரை போனவர் திரும்பிவந்து, சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றி என்னிடம் தந்தார்.

"இதோட அங்கை போகேலாது."

படம் முடிந்தது. கோப்பைகளை நானே கழுவினேன். அவர் வரவில்லை.

அடுத்த நாள் தடுப்பு முகாமுக்குப் போன் பண்ணினேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்: அவருடைய பெயர் என்ன?

ஒரு வருடம் கூட வேலை செய்தவரின் பெயரை நான் கேட்டதே இல்லை. மூத்தவர்களைப் பெயர் கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவன் நான். கள்ளமாய் வேலை செய்கிறவரிடம் இருப்பிடமும் கேட்பதில்லை. "அண்ணை," என்றேன். எழுத்துக் கூட்டச் சொன்னாள். சிரிக்காதீர்கள், கூட்டினேன். தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒருவரும் இல்லை என்றாள்.

அந்தத் தியேட்டரை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கிழவரும் இல்லை. திருப்பி அனுப்பப்பட்ட சிலருக்கு அந்த நாட்களில் ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியும்: இறங்கியதும் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு ஆளைக் காணவில்லை. காணாமல் போனவர்களின் பட்டியல் எங்கே வந்தாலும் எடுத்து வாசிக்கிறேன். எந்தப் பெயரைத் தேடுவதென்று தெரியாததால், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் வாசிக்கிறேன்.