சுறா இழுத்த நரம்பு

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் மீனவனாகப் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊர் சும்மா விடுமா? குமாரவேலை விடவில்லை. கட்டுமரம் அலையைத் தாண்டுவதற்குள் அவனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். மூன்று முறை போனான், மூன்று முறையும் வாந்தியெடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தபடி கரை சேர்ந்தான். "எங்க மாமா மீன் பிடிக்கப் போவல, மீனுக்குச் சோறு ஊட்டப் போறாரு" என்று அவன் பெண்சாதியின் தம்பி பாலகுரு கரையெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

அப்படிப்பட்டவனுக்கு மரியாதை தேடித் தந்தது பாஸ் பிடில். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் வாத்தியம், நாலு நரம்பு, உடம்பில் சாய்த்துக்கொண்டு விரலால் சுண்ட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது விட்டுப்போனது. சைகோன் பட்டாளத்து பேண்டில் இருந்து திரும்பிய சவரிராயன் அதை வைத்து ஒரு வாத்தியக் குழு நடத்தினார்; பிரெஞ்சு வழக்கப்படி ஊருக்கு அவர் 'முசே', அதாவது ஐயா. குமாரவேல் முதலில் அதைத் தலையில் சுமக்கும் கூலியாள்தான். வாசித்தவர் ஒருநாள் கப்பலேறிப் பிரான்சுக்குப் போய்விட, சுமந்தவனே சுண்டினான். எங்கே விரல் வைத்தால் என்ன சத்தம் வரும் என்று இரண்டு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன் அல்லவா! அதன்பின் கறுப்புக் கோட்டு, ஷூ, கல்யாண வீடுகளில் நாற்காலி. குப்பமே வாயை மூடிக்கொண்டது, பாலகுருவைத் தவிர.

ஐம்பத்தொன்பது ஜூலையில், பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய நாள் நடன விருந்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, மேல் நரம்புகள் இரண்டும் அறுந்தன. முசே பீரோவைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய கடைசி ஜோடியை எடுத்துக் கொடுத்தார். ஆட்டுக்குடலில் முறுக்கிய பிரெஞ்சு நரம்பு.

"இதுவும் போச்சுன்னா வேற இல்லப்பா. கடலூர்லேர்ந்து ஒருத்தன் சொந்த வாத்தியத்தோட வரேன்னு நிக்கிறான். பாத்துக்க."

பார்த்துக்கொள்ளாமலா! புது வலையோ கயிறோ வந்தால் வேலம்பட்டையைக் காய்ச்சி, அந்தச் சாயத்தில் போட்டு எடுப்பது குப்பத்து வழக்கம். அப்போதுதான் உப்புக் காற்றில் இற்றுப்போகாது. குமாரவேல் நரம்புகளைப் பக்தியோடு கொண்டுபோய்க் கொதிக்கும் சாயப்பானையில் போட்டான். எடுத்தபோது இரண்டும் முழ நீளத்துக்குச் சுருங்கி, புரண்டு கிடந்தன.

அவன் பெண்சாதி அஞ்சலாட்சி பானையை எட்டிப் பார்த்தாள். "ஆட்டுக்குடலை வெந்நீர்ல போட்டா வேவாம என்னா பண்ணும்? மசாலா அரைக்கட்டுமா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. கடலூர்க்காரன் வந்துவிட்டால் வாசிக்கும் வேலை போகும். பழையபடி சுமக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை, அவன் வாத்தியத்தை அவனே தூக்கிக்கொண்டு வருவான். அப்புறம் குமாரவேல் கரையில் நண்டு பொறுக்க வேண்டியதுதான்.

மானத்தை விட்டுப் பாலகுருவிடம் போனான். அப்போதுதான் புதிதாக வந்திருந்த நைலான் நரம்பில் சுறாத் தூண்டிலுக்கான தடித்த ரகம் அவனிடம் இருந்தது. பாலகுரு புத்தம்புதுச் சுருளை வெட்டிக் கொடுத்தான். பூட்டிச் சுருதி சேர்த்தால் சத்தம் கணீரென்றுதான் வந்தது. ஆனால் ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிட்டது. ஏற்றினான், இறங்கியது. நரம்பு நீண்டுகொண்டே போனால் அவன்தான் என்ன செய்வான்? இப்படியே நாலு நாள் போயிற்று.

ஐந்தாம் நாள், பாலகுரு ஒதுக்கிப்போட்ட பழைய தூண்டில் நரம்புக் குவியலின் முன்னால் உட்கார்ந்தான். ஒவ்வொன்றையும் கட்டுமரத்தில் கட்டி இழுத்து, காதை வைத்துச் சுண்டினான்.

"இன்னா மாமா, குப்பையைக் கிளறுற? நரம்புன்னா இழுவை தாங்கணும், அவ்ளோதான?"

"தாங்குனா மட்டும் போதாது மச்சான், தாங்குன எடத்துலயே நிக்கணும். புதுசு நீண்டுக்கினே போவுது. இதுங்களை ஏற்கெனவே சுறா இழுத்து முடிச்சிருச்சு பாரு. இனிமே நீள இடமில்ல."

பாலகுரு குனிந்து, குவியலிலிருந்து இன்னொரு நரம்பை இழுத்துக் கொடுத்தான். அதுவே அதிசயம்.

பதினாலாம் தேதி சாயங்காலம் அதில் தேறிய இரண்டைப் பூட்டிக்கொண்டு குமாரவேல் நின்றான், முதல் வால்ட்ஸ் நடனம் தொடங்கியது. சுருதி இறங்கினால் இந்த நிமிஷத்தோடு எல்லாம் முடிந்தது. ஒரு பாட்டு போயிற்று, இரண்டு போயிற்று, சுருதி அசையவில்லை. நாலாவது பாட்டில் ஜோடிகள் தரையதிர ஆடினார்கள்.

இடைவேளையில் முசே வந்து நரம்பைத் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார். "என்னா நாத்தம்டா இது?"

"சுறாங்க, முசே." சாயப்பானை உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

முசே வயிறு குலுங்கச் சிரித்தார். "த்ரே பியேன், ரொம்ப நல்லாருக்கு! அந்தக் கடலூர்க்காரனை வர வேணான்னு சொல்லிடறேன். ஆனா அடுத்த தடவை எலுமிச்சம்பழத்தால தேச்சிட்டு வா."

மறுநாள் காலை கரையில் மீன் பங்கு பிரித்தார்கள். கட்டுமரத்தில் போனவர்களுக்குத்தான் பங்கு. குமாரவேலுக்கு அந்த இடத்தில் எப்போதும் வேலை கிடையாது. அஞ்சலாட்சியின் கூடையைத் தூக்கிவிட வந்தவன், எப்போதும்போல ஒதுங்கி நின்றான்.

"மாமா, எங்க போற? வா இங்க" என்று பாலகுரு எல்லார் முன்னாலும் கூப்பிட்டான். நேற்று விருந்து மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே அவன் நின்று கேட்டது குமாரவேலுக்குத் தெரியாது. பாலகுரு மீன் குவியல்களுக்குப் பக்கத்தில் ஒரு பழைய நைலான் சுருளை வைத்தான்.

"மூணு சுறா இழுத்த நரம்பு. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சிட்டேன். எடுத்துக்க, இது உன் பங்கு."